18 பழைய கணினி, 4 ஜிபி ரேம்: பள்ளி லேபை லினக்ஸுக்கு மாற்றுவது (குடியாத்தம், வேலூர் மாவட்டம்)

குடியாத்தம்_லேப்:

வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. லேபில் 18 கணினிகள். எல்லாம் ஹெச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இப்போது விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை பிராசசரும் கேட்கிறது. இந்தப் போர்டுகளில் அது ஆகாது. புதிதாக வாங்க நிர்வாகத்திடம் பணம் இல்லை.

மே விடுமுறையில் லினக்ஸுக்கு மாற்றி ஜூனில் பள்ளி திறக்கும்போது தயாராக இருக்க வேண்டும். 11, 12-ல் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் இரண்டு பாடமும் உண்டு. 6 முதல் 10 வரை வாரம் ஒரு பீரியட். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்த வழி, எங்கே இடிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_வன்பொருள்:

டிஸ்ட்ரோவை அப்புறம் பார்க்கலாம் சார். முதலில் பெட்டியைத் திறங்கள்.

இந்த வயது போர்டுகளில் சிமாஸ் பேட்டரி பாதியாவது செத்திருக்கும். சிஆர்2032, 18-ம் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுங்கள். அது போனால் ஒவ்வொரு முறை மெயினை அணைத்து ஏற்றும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லும். அப்டேட் கொடுத்தால், மென்பொருள் பட்டியல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று பிழை வரும். லினக்ஸ் சரியில்லை என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும். காரணம் ஒரு சின்ன பேட்டரி.

அடுத்து எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க். இந்தக் கணினிகளுக்குச் செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அது எஸ்எஸ்டிதான். ரேமைக் கூட்டுவது அதற்குப் பிறகு. 120 அல்லது 128 ஜிபி சாட்டா போதும். போட்டதும் பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோட் 'ஏஹெச்சிஐ' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஐடிஇ' என்று இருந்தால் எஸ்எஸ்டியின் முழு வேகமும் கிடைக்காது.

மூன்றாவது, தெர்மல் பேஸ்ட். நம்ம ஊர் மே மாத வெயிலில், தகரக் கூரை போட்ட லேபில், ஹீட் சிங்க்கில் தூசி அடைத்த கணினி தானாக அணைந்து அணைந்து எழும். அதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து மூன்று முறை ஓஎஸ் போடுவார்கள். புளோயரால் ஊதி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் முடிந்தது.

ஆற்காடு_மின்ட்:

வன்பொருள் விஷயத்தில் மேலே சொன்னதற்கு வழிமொழிகிறேன். இப்போது டிஸ்ட்ரோ.

லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையமைப்பு கொண்ட பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 4 ஜிபியில் பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் சேர்ந்தே ஓடும். பத்து டேப் திறந்தால் திணறும், அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருப்பதால் ஆசிரியர்கள் பயப்பட மாட்டார்கள். பள்ளிக்கென்றே உள்ள டெபியன் எஜு நல்லதுதான், ஆனால் அதைப் பராமரிக்கக் கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆள் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

18-லும் தனித்தனியாகப் போட வேண்டாம். ஒரு கணினியில் எல்லாம் போட்டு, அமைப்பு முழுதும் செய்து, தமிழ், பிரின்டர், பைத்தான் எல்லாம் சரிபார்த்து, பிறகு டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஜில்லாவால் இமேஜ் எடுத்து மற்ற 17-க்கும் இறக்குங்கள். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு.

ஒன்று, டிஸ்க் அளவு. இரண்டு கம்பெனியின் '128 ஜிபி' ஒன்றுபோல் இருக்காது; சில மெகாபைட் குறைந்தாலும் குளோன்ஜில்லா இறக்க மறுக்கும். மாஸ்டர் கணினிக்கு உங்களிடம் இருப்பதிலேயே சிறிய டிஸ்க்கைப் போடுங்கள்.

இரண்டு, அடையாளம். குளோன் செய்தால் 18 கணினிக்கும் ஒரே ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்), ஒரே மெஷின்-ஐடி (அடையாள எண்), ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து நுழைவதற்கானது). சில அமைப்புகளில் ரூட்டர் இரண்டு கணினிக்கு ஒரே ஐபியைக் கொடுத்து இரண்டிலும் நெட் விட்டுவிட்டு வரும். இமேஜ் எடுக்கும் முன் மாஸ்டரில் இடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். நீக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். அடுத்த பூட்டில் புதிது தானாக எழுதிக்கொள்ளும். ஹோஸ்ட்நேமை 'லேப்01', 'லேப்02' என்று மாற்றி, அதே எண்ணைப் பெட்டியின் மேல் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒரு வருடத்தில் உரிந்துவிடும்.

சத்துவாச்சாரி_டீச்சர்:

நீங்கள் எல்லோரும் லேபைப் பற்றியே பேசுகிறீர்கள். பள்ளியில் லினக்ஸ் தோற்கும் இடம் ஸ்டாஃப் ரூம். வினாத்தாளில்தான் தோற்கும்.

தமிழாசிரியரிடம் பத்து வருட வினாத்தாள் இருக்கும். பாதி பாமினி எழுத்துருவில், பாதி வானவில் அவ்வையாரில். இரண்டும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துருக்கள். அந்தக் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் தெரியும். அன்றைக்கே 'பழையதே மேல்' என்று தீர்ப்பாகிவிடும். அதன்பின் லேபில் என்ன நன்றாக ஓடினாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் பிள்ளைகள் கையிலும் ஆசிரியர் கையிலும் நின்றது எது? பாஸை யாரும் குறை சொல்லிக் கைவிடவில்லை, திறந்தே பார்க்கவில்லை. அன்றாட வேலை அதில் நடக்கும் என்று யாரும் காட்டவில்லை.

அதனால் வரிசையை மாற்றுங்கள் சார். முதலில் ஒரே ஒரு கணினி, ஸ்டாஃப் ரூமில். அதில் தமிழ்த் தட்டச்சு, பழைய வினாத்தாள், பிரின்டர் மூன்றும் ஓட வேண்டும். ஓடிய பிறகு லேபைத் தொடுங்கள்.

குடியாத்தம்_லேப்:

டீச்சர், இது எங்கள் பள்ளியைப் பார்த்தே சொன்னமாதிரி இருக்கிறது. பாமினிக் கோப்புகள் நிறைய உண்டு. வழி என்ன?

சத்துவாச்சாரி_டீச்சர்:

தற்காலிக வழி: உரிமம் இருக்கும் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் ஹோம் அடைவில் '.ஃபாண்ட்ஸ்' என்ற அடைவுக்குள் வைத்தால் பழைய கோப்பு அப்படியே தெரியும், அச்சாகும். இது பழைய தாளைப் பார்க்க மட்டும். புதுத் தாள் எல்லாம், எங்கும் ஒன்றுபோல் தெரியும் யூனிகோடில்தான் என்று ஒரு தேதி வைத்துவிடுங்கள். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரநிலையாக அறிவித்து ஆணையிட்டுவிட்டது. பள்ளிதான் பின்தங்கியிருக்கிறது.

நிரந்தர வழி மாற்றிதான். பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' தொகுப்பில் பாமினி, டாப், டாம், டிஸ்கி ஆகிய பழைய குறியீடுகளை யூனிகோடாக்கும் செயல்கள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. வினாத்தாளில் நடுநடுவே ஆங்கிலச் சொல், எண், கணிதக் குறி இருக்கும். மாற்றிக்கு எது பாமினி எழுத்து, எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலத்தையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். லிப்ரே ஆபீஸின் 'தேடு, மாற்று' பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி உண்டு. பாமினி எழுத்துருவில் இருப்பதை மட்டும் தேர்ந்து, அதை மட்டும் மாற்றுங்கள். ஒரு பாடத்துக்கு நாலு நல்ல தாளை மாற்றினால் போதும். பத்து வருடத்தையும் மாற்ற உட்கார்ந்தால் மே முடிந்துவிடும்.

ஆற்காடு_மின்ட்:

டீச்சர் சொன்னதோடு சேர்த்து, லிப்ரே ஆபீஸில் எல்லோரும் இடறும் ஒரு கல். தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்துப் பாணியில் எழுத்து அளவை 12-லிருந்து 14 ஆக்குவார்கள், ஒன்றும் மாறாது. காரணம், லிப்ரே ஆபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு வகையில் வைத்திருக்கிறது. பாணிப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துருவுக்கு ஒரு அளவு, சிக்கலான எழுத்தமைப்புக்கு வேறு ஒரு அளவு. நாம் மாற்றியது முதலாவதை. விருப்பங்களில் மொழிகள் பிரிவுக்குப் போய் அந்த வகையை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைக் கொடுத்து, எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை வையுங்கள். மாஸ்டர் இமேஜிலேயே இதைச் செய்துவிட்டால் 18-லும் வந்துவிடும்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு ஐபஸ்-எம்17என் தொகுப்பு. அதில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். விசைப்பலகை அமைப்பிலேயே 'தமிழ்நெட் 99' என்று இன்னொன்று கண்ணில் படும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஒரு விசைக்கு ஒரு எழுத்துதான், தானாகப் புள்ளி விழாது. எம்17என் தமிழ்99-ல் 'அம்மா' என்று அடிக்க நாலே தட்டு: ஏ, கே, கே, க்யூ. முதல் தட்டு அ. அடுத்த இரண்டும் ம, ம. இரட்டித்ததும் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். கடைசித் தட்டு ஆ, அது மகரத்தோடு சேர்ந்து மா ஆகும். புள்ளி விழக் கூடாத இடத்தில், 'மமதை' மாதிரி, இரண்டு மகரத்துக்கும் நடுவே ஏ விசையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள். உயிர் எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில் என்பதைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள்.

ராணிப்பேட்டை_நெட்வொர்க்:

18-க்கும் குளோன் எதற்கு? எல்டிஎஸ்பி போடுங்கள். ஒரே ஒரு கணினியில் ஓஎஸ், மற்ற 17-ம் லேன் வழியாக அதிலிருந்து பூட் ஆகும். டிஸ்க்கே வேண்டாம். ஒரு மென்பொருளைப் போட்டால் எல்லாவற்றிலும் வந்துவிடும். 2019-ல் முழுதாகத் திருத்தி எழுதிய பிறகு நிறுவுவது மிகச் சுலபம். டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் சேவைகளோடு எல்டிஎஸ்பி தொகுப்பு. பிறகு டிஎன்எஸ்மாஸ்க், இமேஜ், ஐபிஎக்ஸ்இ, என்எஃப்எஸ், இனிட்ஆர்டி என்று ஐந்து கட்டளை. இருக்கிற ரூட்டரின் டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கும் சேவை) அணைக்கவும் தேவையில்லை.

காட்பாடி_வன்பொருள்:

அந்த 17 எஸ்எஸ்டியின் காசு மிச்சம், உண்மை. ஆனால் லேபில் கேபிள் எப்படி இருக்கிறது? சர்வரிலிருந்து ஸ்விட்ச்சுக்குக் கிகாபிட் கட்டாயம். 8 கம்பியில் 4 மட்டும் கிரிம்ப் செய்த பழைய கேபிளென்றால் 100 மெகாபிட்தான் வரும். 18 பேரும் மணியடித்ததும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் பீரியட் முடியும்வரை பூட் ஆகிக்கொண்டே இருக்கும். அத்தோடு சர்வருக்கு யுபிஎஸ் இல்லாமல் இதை நினைக்கவே கூடாது. ஒரு நொடி மின்சாரம் துண்டித்தால் 18-ம் உறையும்.

ராணிப்பேட்டை_நெட்வொர்க்:

கேபிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிகாபிட் ஸ்விட்ச், ஒழுங்கான கேட்6 கேபிள், சர்வருக்கு மட்டும் தனி யுபிஎஸ் மூன்றும் இருந்தால் எல்டிஎஸ்பி. ஒன்று குறைந்தாலும் குளோன். ஒரு வருடம் குளோனில் ஓட்டிவிட்டு, ஆள் பழகிய பிறகு மாறினாலும் கெட்டுவிடாது. எதில் போனாலும் எபோப்டிஸ் போட்டுவிடுங்கள். ஆசிரியர் கணினியிலிருந்து 18 திரையும் ஒரே பார்வையில் தெரியும், கடைசி பீரியட் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அணைக்கலாம்.

கேவிகுப்பம்_12ஆம்_வகுப்பு:

பாடத்திட்டப் பக்கம் யாரும் தொடவில்லை. 11 கணினிப் பயன்பாடுகளில் ஏற்கெனவே ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரஸ்தான் பாடம். லிப்ரே ஆபீஸ் 2010-ல் அதிலிருந்து பிரிந்தது, மெனு கிட்டத்தட்ட அதேதான். 11 கணினி அறிவியலில் உபுண்டுவே ஒரு பாடமாக இருக்கிறது. ஆக, பாடப்புத்தகம் உங்கள் பக்கம் நிற்கிறது.

சிக்கல் வரும் இடங்கள்:

சி++. புத்தகத்தில் உள்ள நிரல்கள் லினக்ஸின் ஜி++ கம்பைலரில் அப்படியே ஓடும். பழைய டர்போ சி பழக்கத்தில் 'கோனியோ' தலைப்புக் கோப்பும் திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' கட்டளையும் எழுதிக்கொடுத்த நோட்ஸ் இருந்தால் அது ஓடாது. நோட்ஸைத்தான் திருத்த வேண்டும்.

பைத்தான். மின்ட்டில் பைத்தான்3 இருக்கும், ஐடில் (நிரல் எழுதும் சாளரம்) இருக்காது; தனியாக நிறுவுங்கள். புத்தகத்தில் 'பைத்தான்' என்று அடிக்கச் சொல்லியிருக்கும், இங்கே 'பைத்தான்3' என்று அடிக்க வேண்டும். 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்ற சிறு தொகுப்பைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பைப் பைத்தானின் நிறுவியான பிப் மூலம் போடப் பார்த்தால், வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று பிழை காட்டி நிறுத்திவிடும். பிழையை உடைத்துக்கொண்டு போக வேண்டாம், மின்ட்டின் நிறுவியான ஆப்ட் வழியாகப் பைத்தான்3-மேட்பிளாட்லிப் தொகுப்பை நிறுவுங்கள்.

12-ல் சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடம். அந்த நிரல், கோப்புப் பெயருக்குப் பின்னால் '.இஎக்ஸ்இ' சேர்த்து அதை நேரடியாக இயக்கும். லினக்ஸில் கம்பைல் ஆகிவிடும், ஆனால் இயக்கும் வரியில் 'கட்டளை இல்லை' என்று வரும். அந்தக் கடைசி வரியில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்தால் ஓடும். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இப்போது நிற்கும் அடைவில் லினக்ஸ் தானாகத் தேடாது, இங்கேயே இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு இதைக் கண்டுபிடித்தால் கைகால் ஓடாது. ஜூனிலேயே எல்லாச் செய்முறை நிரலையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மைசீக்குவல் தரவுத்தளம். நிறுவியதும் ரூட் பயனராக நுழையப் பார்த்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவுவார்கள். இங்கே ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது, சுடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு நுழைய வேண்டும். உள்ளே போய் 'மாணவர்' என்று ஒரு பயனரை உருவாக்கி, அந்தக் கடவுச்சொல்லைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பிஹெச்பிக்காக, தனக்கென்று ஒரு மைசீக்குவலோடு வரும் ஜாம்ப்பும் போட்டிருந்தால் இரண்டு மைசீக்குவலும் 3306 போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

பேர்ணாம்பட்டு_உருது:

எங்கள் பக்கம் உருது வழிப் பிள்ளைகளும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்பதால் கேட்கிறேன். உருது வினாத்தாளை லிப்ரே ஆபீஸில் செய்ய முடியுமா?

ஆற்காடு_மின்ட்:

தாராளமாக. தமிழுக்கு இயக்கிய அதே சிக்கலான எழுத்தமைப்புத் தெரிவுதான் உருதுவுக்கும். அதை இயக்கியதும் கருவிப்பட்டையில் 'வலமிருந்து இடம்' என்ற பத்திப் பொத்தான் வரும். எழுத்துரு நோட்டோ நஸ்தாலிக் உருது. எழுத்து சாய்ந்து இறங்குவதால் வரியின் உயரம் மிக அதிகம். ஒரு பக்கத்தில் வந்த தாள் இரண்டு பக்கம் ஆகும். பத்தியின் வரி இடைவெளியை 'நிலையானது' என்று வைத்து நீங்களே ஒரு அளவு கொடுங்கள், ஆனால் மிகவும் குறைத்தால் மேல் புள்ளிகள் வெட்டுப்படும். ஒரே கோப்பில் தமிழும் உருதுவும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பத்திப் பாணி வையுங்கள். இரண்டும் ஒரே எழுத்துருப் பெட்டியைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

அணைக்கட்டு_மலை:

பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமப் பள்ளிகளில் நெட் சரியாகக் கிடைக்காது. அங்கே என்ன செய்வது?

ராணிப்பேட்டை_நெட்வொர்க்:

கிவிக்ஸ், விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க உதவும் மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே 'ஜிம்' கோப்பாகக் கிடைக்கிறது. வேலூர் வரும்போது பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போய் ஒரு கணினியில் வைத்து, கிவிக்ஸ்-சர்வ் ஓட்டினால் மற்றவற்றின் பிரவுசரில் அப்படியே திறக்கும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். அறிவியலுக்கு ஃபெட் சிமுலேஷன்கள்: ஒவ்வொன்றும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு, பல தமிழிலேயே உண்டு. சொடுக்கினால் பயர்பாக்ஸில் ஓடும், நெட் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி (கற்றல் விளையாட்டுகள்), டக்ஸ் பெயின்ட் (படம் வரைய). ஜியோஜிப்ரா நல்ல கணிதக் கருவி, வகுப்பில் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் அதன் நிறுவிக்கு வணிகப் பயன்பாட்டில் கட்டுப்பாடு உண்டு, முழுக் கட்டற்ற மென்பொருள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

குடியாத்தம்_லேப்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, நிர்வாகம் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டு, பிரின்டர். அலுவலகத்தில் ஹெச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறது.

காட்பாடி_வன்பொருள்:

இரண்டு ஓஎஸ் வைத்தால் பிள்ளைகள் பழகியதற்கே போவார்கள், லினக்ஸ் பக்கம் தூசிதான் படியும். நிர்வாகத்தின் மனசுக்காக ஒரே ஒரு கணினியில் மட்டும் வையுங்கள், நெட் இணைக்காமல். அதிலும் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை' அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் அந்த டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், சேமிக்க விடாது. மணியும் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டும். லினக்ஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற டைம்டேட்சிடிஎல்லில் ஒரு கட்டளை போதும்.

1020 லினக்ஸில் ஓடும். ஆனால் அந்த பிரின்டரின் உள்ளே ஃபர்ம்வேர் (அதை இயக்கும் மென்பொருள்) தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் ஏற்ற வேண்டும். ஹெச்பி பிரின்டர்களுக்கான ஹெச்பிலிப் தொகுப்போடு ஹெச்பி-பிளக்இன் என்பதையும் நிறுவ வேண்டும், அதற்கு நெட் தேவை. பிளக்இன் இல்லாவிட்டால் வரிசையில் வேலை நிற்கும், பிரின்டர் அசையாது, பிழையும் காட்டாது. ஹெச்பிலிப் புதுப் பதிப்புக்கு மாறினால் பிளக்இன்னையும் அதே பதிப்புக்கு மறுபடி நிறுவ வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அந்தக் கணினியில் அப்டேட் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி_டீச்சர்:

மாணவர் கணக்கு பற்றி ஒன்று. மின்ட்டில் விருந்தினர் கணக்கை இயக்கலாம், ஆனால் வெளியேறியதும் அது எல்லாவற்றையும் அழித்துவிடும். 40 நிமிடம் அடித்த கட்டுரை கரண்ட் போனதும் காணாமல் போனால் அந்தப் பிள்ளை மறுபடி தொடாது. வகுப்புக்கு ஒரு கணக்கு வையுங்கள், நிர்வாக உரிமை இல்லாமல். லிப்ரே ஆபீஸில் தானியங்கி மீட்புச் சேமிப்பை 2 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

குடியாத்தம்_லேப்:

சரி டீச்சர். ஏப்ரல் கடைசி வாரம் ஸ்டாஃப் ரூம் கணினி, 1020, பத்து பாமினித் தாள். அது ஓடினால் மே முதல் வாரம் பேட்டரியும் பேஸ்ட்டும், இரண்டாம் வாரம் மாஸ்டர், மூன்றாம் வாரம் குளோன். லேபில் கேபிளைப் பார்த்தேன், 4 கம்பிதான்.

ராணிப்பேட்டை_நெட்வொர்க்:

அப்படியென்றால் குளோன்தான் சார். கேபிளை அடுத்த மே-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.